ஊறுகாய் கொண்டுவந்தவர்

மூன்றாவதுக்கு மேல் படிக்காமல், ஒற்றை வேனில் தொடங்கி, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்ற நாற்பது பஸ் விட்டவன் நான். அமெரிக்காவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்தபோது, புதிதாகத் திறந்த பெரிய இத்தாலிய ஓட்டலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். தொழிலை அவனிடம் ஒப்படைக்கும் எண்ணம்.

பரிமாறியவர் தெற்கத்திக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்துக்குப் பொருந்தாத பெரிய காலர். ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் வைப்பார்.

நான் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தேன். "நாங்க திரும்பி வர மாட்டோம்ப்பா. பஸ்ஸெல்லாம் வித்துடு" என்றான் மகன். பரிமாறுகிறவர் அப்போது எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தட்டிலிருந்த, வெள்ளைச் சேமியா மாதிரியான பாஸ்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குனிந்தார். "ஒரு வாய்கூட வைக்கலியே ஐயா, உறைப்பு பத்தலையோ? உள்ள நாங்க திங்கதுக்கு மாங்கா ஊறுகா வச்சிருக்கோம். கொண்டாரட்டா?"

"ஆமாம்பா, சப்புனு கீது. எடுத்தா."

அந்த வெள்ளைச் சேமியாவில் ஊறுகாயைப் பிசைந்து, கையாலேயே முழுதும் தின்றேன்.

மகன் சொன்னது காதில் விழுந்துதான் அப்படிக் கேட்டாரா, நிஜமாகவே உறைப்பு பத்தவில்லை என்று நினைத்தாரா, இன்றும் தெரியவில்லை. வேறு எதைக் கேட்டிருந்தாலும் அன்று எனக்குப் பதில் வந்திருக்காது.