மஞ்சள் புள்ளி

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்னும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, நகர, வட்டாரத் திட்டமிடலில் பிஎச்.டி. படித்தாள். ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் எங்கே வரவேண்டும் என்று யோசிக்கிற படிப்பு. அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்கள். வெளியூர் போனவர்கள் போக, வீட்டில் மிச்சம் யார் என்று கணக்கெடுத்தாள். எங்கள் தெருவுக்கும் வந்தாள். கடைசியாக எங்கள் வீடு. அடுத்த வீட்டில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

“வூட்ல எத்தினி பேரு?”

அவள் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. “ரெண்டு. நானு, நீ” என்றேன்.

“வருசத்துல ஆறு மாசமாவது இங்க தங்கினாதான் கணக்கு, நைனா. நான் ஆஸ்டல்ல கீறேன்.”

“ரேஷன் கார்டுல உன் பேரு கீதே.”

“அது சக்கரை வாங்க. பொய் எழுதினா எங்க கைடு என்னை உரிச்சிடுவாரு. ஒண்ணுன்னு போட்டுக்கட்டா?”

“போட்டுக்கோ.”

சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். அவள் தட்டைக் கழுவி என் தட்டின் மேல் கவிழ்த்தேன். அதற்கு முன்பும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் யாரும் அதை எழுதி வைத்ததில்லை.

படிப்பு முடிகிற சமயம், ஐதராபாத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று போனில் சொன்னாள். போவாயா, ஊருக்கு வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் நடக்கும் வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீஷ். திரையில் எங்கள் ஊரின் வரைபடம் வந்தபோதுதான் நிமிர்ந்தேன். ஒரே ஆள் இருக்கிற வீடுகளுக்கு மஞ்சள் புள்ளி என்று பக்கத்தில் இருந்த அவள் தோழி சொன்னாள். ஏரிக்கரையிலிருந்து தெருத்தெருவாக வந்து என் புள்ளியைக் கண்டுபிடித்தேன். எதிர் வீடும் மஞ்சள். நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

வந்திருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

பட்டம் உறுதி என்று சொல்லிக் கைதட்டினார்கள். மகள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“அந்தக் கணக்க மறுபடி எப்ப எடுப்பீங்க?”

“இன்னாத்துக்கு நைனா?”

“சும்மாதான்.”

“அது முடிஞ்சி போச்சி. அடுத்த மாசம் ஐதராபாத்ல சேர்றேன். பொங்கலுக்கு வந்துடுவேன்.”

“பொங்கலுக்கு வந்தா கணக்குல வராதே.”

சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் விரல்கள் மேல் கையை வைத்தாள். பஸ் நகரும்வரை எடுக்கவில்லை.

சொன்னபடி பொங்கலுக்கு வந்தாள். நேற்று கிளம்பிவிட்டாள். எதிர் வீட்டுக்காரரிடம், அந்தப் படத்தில் நீங்களும் மஞ்சள்தான் என்று சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து நினைக்கிறேன். அவர் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. இன்னும் போகவில்லை.

காணும் பொங்கலுக்கு மறுநாள், தை நான்கு.