மஞ்சள் பாதங்கள்

எங்கள் ஊர் பைபாஸில் மால் திறந்தபோது எனக்குக் கிடைத்த வேலையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. எஸ்கலேட்டருக்குக் கீழே நின்று, ஏறப் பயப்படுகிறவர்களைக் கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதுவரை ஆத்தூர்ப் பக்கம் பூ எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். என் தெருவிலிருந்து மட்டும் ஏழு பேரை எடுத்தார்கள். கூட்டிப் பெருக்க, பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்க, பில் போட என்று ஆளுக்கொரு வேலை. வாசலில் டீக்கடை வந்தது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓடியது. ஊருக்கே விடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்குத்தான் பயம் விடவில்லை. மில்லில் பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்து என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு போய்விட்டது. அவருடைய இன்ஹேலர் இந்த வேலையோடு வந்த ஈ.எஸ்.ஐ. அட்டையில்தான் கிடைத்தது. வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் மருந்து போகும். நின்ற இடத்தில் நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

வத்தலக்குண்டு பஸ்ஸில் வரும் பெண்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏற வருவார்கள். போட்டுக்கொள்ளச் சொல்லி, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கையைக் கொடுப்பேன். களை வெட்டிக் காய்த்துப்போன கைகள் என் விரலை நெரித்துவிடும்.

ஒன்றுக்குப் போகக்கூட எனக்கு யோசனைதான். நான் இல்லாத நேரம் பார்த்து யாராவது விழுந்துவிட்டால் பழி என் தலையில்தானே விழும்? சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன், எங்கே கால் வைப்பதென்று ஓர் அடையாளமாவது ஒட்டிவிடுங்கள் என்று. ஒட்டன்சத்திரத்துக்காரர், தங்கமான மனுஷன். மறுவாரமே முதல் படிக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் இரண்டு பாதங்களை ஒட்டிவிட்டார்.

“இனி உங்களுக்கு இங்க என்னங்கக்கா வேலை?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்தப் பாதத்தை யாரும் மிதிக்கவில்லை. கோயிலில் சாமி பாதம் பார்த்துப் பழகிய சனம். சுற்றிக்கொண்டு ஓரமாக வந்தார்கள். ஒருத்தி குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓரத்திலிருந்து எட்டிக் கால் வைக்க முடியாமல் என்னைத்தான் கூப்பிட்டார்கள். முன்னைவிட எனக்கு வேலை கூடிப்போனது. அது வெறும் ஸ்டிக்கர் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறக்கவே இல்லை.

அப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் கொடைரோட்டுக்காரி ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, பாதத்தில் படாமல் ஓரத்திலிருந்து காலை நீட்டினாள். கால் படி விளிம்பில் பட்டுச் சறுக்கியது. பிள்ளையின் தலை இரும்புப் பல்லுக்கு மேலே வந்த நேரத்தில் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிட்டேன்.

“அது சாமி பாதம் இல்லத்தா. பிளாஸ்டிக்கு. நான் சொல்லித்தான் ஒட்டுனாக. மிதிச்சே ஏறு,” என்றேன்.

பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இத மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா? இம்புட்டு நாளா இங்கனதான நிக்கிற?”

அதற்கப்புறம் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நானே மிதித்துக் காட்டினேன். பஸ்ஸுக்குப் பஸ் பேச்சு பரவியது. என் கையைப் பிடிக்க ஆள் குறைந்துகொண்டே வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருவரும் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் தரையைப் பார்த்துத்தான் பேசினார். மேலே நாலு கடை மூடிவிட்டார்களாம், ஆளைக் குறைக்கச் சொல்கிறார்களாம். அங்கிருந்தே பூ எடுக்கும் கூட்டத்துக்குப் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். என் இடத்துக்கு எப்போதோ வேறொருத்தி வந்துவிட்டாள்.

கழுத்து அட்டையைக் கொடுக்க மாடி ஆபீசுக்குப் பின்பக்கப் படிக்கட்டில்தான் ஏறிப் போனேன். வேலைக்காரர்கள் எஸ்கலேட்டரில் ஏறக் கூடாது. திரும்பி வரும்போது, மூன்று முறை நான் கைப்பிடித்து ஏற்றிவிட்ட வத்தலக்குண்டு அக்கா ஒருத்தி தனியாக மேலே போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெருமையாகக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

வீட்டில் அவர், என்ன சீக்கிரமே வந்துவிட்டாய் என்று கேட்டார். தலைவலி என்றேன். இன்ஹேலரைக் காதோரம் வைத்து, இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.