பெயர் இல்லாத கொடி

வளைகுடா நாட்டில், சத்வா என்ற பகுதியில் ஒரு தையற்கடை. பிரிந்த பேன்ட் தையலுக்காகக் காத்திருக்கிறேன். மூன்று நாளாக என்னிடம் பேசியது ஹோட்டல் லிஃப்ட் மட்டும்தான். தையல்காரர் பரமக்குடிக்காரர், இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். மேசையில் இரண்டு பட்டுக் கொடிகள். பழைய கொடிகளைச் சேர்க்கும் ஒரு பிரெஞ்சுக்காரர், நெப்போலியன் காலத்துப் படைக்கொடிகளுக்கு நகல் கேட்டிருக்கிறார். ஒன்றில் ஏழு பெயர்கள் தங்க நூலில் மின்னுகின்றன. மற்றதன் நடுப்பகுதி காலி. அதில் எழுத்துக்காகத் தையல்காரரே சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

“இதுக்குப் பேரு குடுக்க மறந்துட்டாரு போல. அவரு குடுத்த இங்கிலீஷ் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க சார்.”

படிக்கிறேன்.

“மறக்கலண்ணே. அந்தப் பேரெல்லாம் அந்தப் படை போய்ச் சண்டை போட்ட ஊருங்க. இது ஊர்க்காவல் படையோட கொடி. அவங்க வெளிய எங்கயும் போகல, சொந்த ஊர்லயே காவல் இருந்தாங்க. அதான் காலியா விடச் சொல்லியிருக்காரு.”

“கடைசி வரைக்கும் ஊர்லயேவா?”

“ஆமாண்ணே.”

சாக்பீஸ் கோடுகளை உள்ளங்கையால் மெதுவாகத் துடைக்கிறார்.

“குடுத்து வச்சவங்க சார்.”