நாற்பத்தேழாம் நம்பர்

அடி அண்ணாமலையில் சக்கரவர்த்தி என்றொரு ஆள் இருக்கிறான். பேரு பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்லை. எழுபது வயதாகிறது, உழைத்து ஒரு சொட்டு வேர்வை சிந்தியதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையோரம் ஒரு பழைய சைக்கிளைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, அதன் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்காருவான். வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள்.

"இங்கிலீஷ் சைக்கிளு. எங்க மாமனாரு ஒரு துரைகிட்ட வாங்கினது. தோ பாருங்க, வருஷமே அடிச்சிருக்கு" என்று சீட்டுக்குக் கீழே விரலை வைப்பான். 47 என்று இருக்கும். "சொதந்தரம் வந்த வருஷம்!" என்பான். தூ, சுதந்திரத்துக்கு வந்த கேடு.

எதிரில்தான் என் இட்லிக் கடை. என் பெயர் சந்திரம்மாள். அந்தப் பெயரை அவன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏ சைக்கிளு, ரெண்டு இட்லி வை" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவான். சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள். வியாபாரமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைப்பேன்.

என் அப்பா கருப்பன், தேரடித் தெருவில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். ஒரு கார்த்திகை தீபத்தன்று வாடகைக்குப் போன வண்டி ஒன்று திரும்பவே இல்லை. எடுத்தவன் சொன்ன பெயரும் பொய், ஊரும் பொய். வேலைக்காரனே விற்றுத் தின்றுவிட்டான் என்று முதலாளி அப்பாவைத் துரத்திவிட்டார். அந்தக் கடை மூடும்வரை தொலைந்தது அந்த ஒரு வண்டிதான். அப்பா அதற்குப் பிறகு சைக்கிளையே தொடவில்லை, சாகிறவரை டவுனுக்கு நடந்துதான் போய்வந்தார். "நான் எடுக்கலம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊரில் யார் நம்பினார்கள்? சைக்கிள் திருடன் மகள் என்று எனக்குப் பட்டம் கட்டி, அதையும் சுருக்கி 'சைக்கிளு' ஆக்கிய புண்ணியவான் இந்தச் சக்கரவர்த்திதான்.

அவன் அந்த வண்டியைப் போளூர் மாமனார் வீட்டிலிருந்து கொண்டுவந்ததே அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான். நான் அதன் கிட்டே போனதில்லை. அவன் மூஞ்சியைப் பார்ப்பதே பாவம், இதில் சைக்கிளை வேறு பார்க்க வேண்டுமா?

போன சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை விக்னேஷ்வரன் வந்தார். பெரிய கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை, பெங்களூரில் வேலை, பழைய சைக்கிள் என்றால் பைத்தியம். ஏதோ கண்காட்சியில் வைக்க வேண்டுமாம். மாடல், வருஷம் எல்லாம் பார்த்துச் சொல்லச் சொல்லி சக்கரவர்த்தியே வரவழைத்திருந்தான். நாலு பேர் பார்க்க வேண்டுமென்று என் கடைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தினான். தலையெழுத்து, தானே வந்து நின்றது.

விக்னேஷ்வரன் சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தார். "ரிம்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே. இது வெள்ளைக்காரன் போனப்புறம் வந்ததாச்சே."

"ரிம்மு மாத்தினது சாமி. நம்பரைப் பாருங்க, நம்பரை!"

அவர் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். "ஹேண்டில்லயும் நாப்பத்தேழு இருக்கு. பெடல்லயும் இருக்கு. பின்சக்கரத்து நடுவுலயும் இருக்கு. எந்தக் கம்பெனிங்க வருஷத்தை இத்தனை எடத்துல அடிப்பான்?"

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. வாடகைக்கு எடுப்பவர்கள் நல்ல பெடலைக் கழற்றிக்கொண்டு ஓட்டைப் பெடலை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் வண்டி நம்பரை ஒவ்வொரு பாகத்திலும் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திவைப்பது அப்பாவின் வேலை. சோறு கொண்டுபோகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அது வருஷமாம்! எட்டிப் பார்த்தேன். அப்பாவின் புள்ளிகளேதான்.

"தம்பி, மட்கார்டைச் சொரண்டுங்க. கறுப்புக்குக் கீழ பச்சை பெயிண்ட்டு வரும். அதுல கடை பேரு இருக்கும்" என்றேன்.

சுரண்டினார். பச்சை வந்தது. கடைப் பெயரில் பாதியும் வந்தது.

"எங்க மாமனாரு பழசா வாங்கியிருப்பாரு..." என்று சக்கரவர்த்தி இழுத்தான். இட்லி வாங்க வந்து நின்ற அவன் பெண்டாட்டி, பாவம், வெள்ளந்தி. "எங்கப்பன் வூட்ல ஏது சைக்கிளு? நீதான தீபத்தன்னிக்கு ஓட்டினு வந்து எங்க மாட்டுக் கொட்டாயில போட்ட?" என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் கெட்டிக்காரனும் இல்லை, இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான்.

"துருப்புடிச்ச இரும்பு. நீயே எடுத்துக்கோ, போ" என்றான் என்னிடம்.

"உன் இரும்பு யாருக்கு வேணும்? எங்கப்பன் எடுக்கலன்னு சொல்லு."

"கருப்பன் எடுக்கல" என்று தரையைப் பார்த்து முனகினான்.

"காதுல விழல. ஏ சைக்கிளுன்னு என்னைக் கூப்புடுவியே, அந்தச் சத்தத்துல சொல்லு."

சொன்னான். தெருக்கோடி டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா, உன் காதில் விழுந்ததா?

மானஸ்தனாக இருந்தால் பத்து நாளாவது வீட்டில் கிடப்பான். இவன் மறுநாள் காலையிலேயே துண்டை உதறிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கடை நிறைய ஆள். நான் இட்லிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டேன்:

"இன்னா சைக்கிளு, எத்தினி இட்லி?"