மத்பர் நேகியின் மன அமைதி

மத்பர் சிங் நேகி, ரிஷிகேசத்தில் தன் வீட்டு முற்றத்திலேயே யோகத் தத்துவம் போதிப்பவர். ஆசையையும் கோபத்தையும் விடுவது எப்படி என்று வெளிநாட்டுக்காரர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்பார்கள். பருப்பில் உப்பு கூடினால் அந்த வீட்டில் தட்டு பறக்கும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஹோலிக்கு முந்தின வாரம் ஒரு காலை, "கோபம் தானா வர்றதில்ல, நாமதான் கதவத் திறந்து விடுறோம்" என்று கண்மூடிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு அவருடைய புதுக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது.

"அடேய் திருட்டு நாயே, எறங்குடா கீழ! உன் தோல உரிச்சிடுவேன்!"

அதன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார். செருப்பு பறந்தது, கல் பறந்தது. ஏதோ புதுப் பயிற்சி என்று எண்ணி, சீடர்களும் எழுந்து மரத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

சத்தம் கேட்டு வந்த அவர் மனைவி சுலோச்சனா, கையிலிருந்த ரொட்டியை நீட்டினாள். குரங்கு இறங்கி வந்து, கைபேசியைப் போட்டுவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டது.

"அதுக்குப் பசி. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்றாள்.

நேகி கைபேசியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் கத்தி ஓய்ந்த சீடர்கள், இப்படியொரு மன அமைதியை வாழ்நாளில் கண்டதில்லை என்று கண்ணீர் விட்டார்கள். மறுவாரமே, 'கோபத்தைக் கத்தி வெளியேற்றும் யோகம்' என்று வாசலில் பலகை தொங்கியது. இப்போது அந்த வகுப்பில் இடம் கிடைப்பது கஷ்டம்.