தேவகனியின் தாடை

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் சீட்டுப் போடுகிறாள் தேவகனி. வயது நாற்பத்தேழு. கன்னம் வீங்கி வந்து நிற்கும் டிரைவர் யாரானாலும் எடைச் சீட்டோடு ஒரு புத்திமதியும் கிடைக்கும்: "எங்கன வேணும்னாலும் போங்க அண்ணாச்சி. அந்த டேவிட்சன்கிட்ட மட்டும் போயிராதீங்க." இருபத்து மூன்று வருடமாக இதைச் சலிக்காமல் செய்துவருகிறாள்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் ஆடிப்போன அவளது கீழ்ப்பற்கள் நான்கையும் பிடுங்கியவர் பல் டாக்டர் டேவிட்சன். நிச்சயமான மாப்பிள்ளை அப்போது கப்பலில் இருந்தான். அவன் இறங்கி வர ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைந்து, உதடு உள்ளே விழுந்துவிட்டது. "போட்டோவுல பாத்த பிள்ளை இது இல்லையே" என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னாள். அத்தோடு சம்பந்தம் முறிந்தது. பிறகு ஒன்றும் அமையவில்லை.

இப்போது டேவிட்சன் தேவாலய நிர்வாகத்துக்கான சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. எலும்பைக் கெடுத்தது அவர்தான் என்று வேறொரு டாக்டர் எழுதித் தந்தால் போதும், நகலெடுத்துக் கோயில் வாசலில் ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். அந்தக் கடிதத்துக்காகத்தான் வெள்ளிக்கிழமை தம்பி ஜேசுபாதத்தையும் இழுத்துக்கொண்டு டாக்டர் ஐஸ்வர்யா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலும்பு உடைஞ்ச தடமே இல்லம்மா. பல் போனா எல்லாருக்கும் கொஞ்சம் கரையும். சிலருக்கு ரொம்ப வேகமா. மரபணுவும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம். உங்க வீட்டுல யாருக்காவது இப்படி உண்டா?"

தேவகனிக்குத் தொடையில் சுரீர் என்றது. அன்று பல் பிடுங்கும் கொறடை எடுக்கும் முன்னால் டேவிட்சனும் இதையேதான் கேட்டார். அப்பாவின் தாடையும் அப்படித்தான் விழுந்திருந்தது. ஆனால் டேவிட்சனும் மாப்பிள்ளையின் அத்தையும் ஒரே கோயில். குடும்பத்துச் சீக்கு என்று பேச்சுப் போய்விடுமோ என்று பயந்து, பக்கத்தில் இருந்த அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள் தேவகனி.

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாள், இப்போதும்.

"அப்பாவுக்கு இருந்துச்சேக்கா." ஜேசுபாதம் அதோடு நிற்கவில்லை, கீழுதட்டை விரலால் மடக்கியும் காட்டினான். "எனக்கு மஸ்கட்டுல வேற டாக்டர் பிடுங்குனாரு. பாருங்க, இந்தப் பள்ளத்த."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

வாசலில் அவன் மெல்ல ஆரம்பித்தான். "அன்னைக்கு டேவிட்சனும் கேட்டிருப்பாருல்லாக்கா?"

"கேட்டான். ஒரே ஒரு தடவ கேட்டான். பக்கத்துல அம்மைக்காரி இருந்தா குமரிப்பிள்ள என்னத்தலே சொல்லும்? அவளை வெளிய அனுப்பிட்டு மறுதடவ கேட்டிருக்கணும்லா? படிச்சவன்தான அவன்?"

"விட்டுருக்கா. அவருக்கும் வயசாயிட்டு."

"எனக்கு மட்டும் ஆகலையோ? நாளைக்கு லீவு போடு. பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் இருக்காராம்." வண்டியில் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன நீ உள்ள வரப்படாது. வாயை மூடிட்டு வெளியவே நில்லு."