தனபால் அண்ணனின் அலகில்லாத ஆடிக் கிருத்திகை

கராடியில் உள்ள என் அலுவலகத்தில் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் நம் காவடிக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தனபால் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். டப்பாவை மூடிவிட்டுக் கோர்படியில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடிக் கிருத்திகை ஊர்வலத்தில் இரு கன்னமும் துளைத்த வேலோடு முன்னால் நடப்பார். அவருக்கு வராத ஒரே விஷயம் பாட்டு. அலகு எடுத்த மறுநிமிடமே அதைத்தான் ஆரம்பிப்பார்.

ஒரு வருடம் திருவிழா முடிந்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல்தானே என்று கஷாயம் குடித்தார். இறங்கியது, மறுபடி ஏறியது. பேண்ட் நழுவும் அளவுக்கு இளைத்த பிறகு ராணி அண்ணிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று பிறவியிலேயே வழி தவறி, இதய அறைக்குள் திறந்திருந்ததாம். அங்கே கிருமி குடியேறியிருந்தது. அலகு வழியாகப் போனதா, சொத்தைப் பல் வழியாகவா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரக்கணக்கில் ஊசி, பிறகு அறுவை சிகிச்சை. "இனிமேல் உடம்பில் எதையும் குத்தக் கூடாது. மறுபடி தொற்று வந்தால் பிழைப்பது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. பூசாரி வேலோடு காத்திருந்தார். அண்ணி முகம் வெளிறி நின்றார். அண்ணன் வேலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பெண்கள் வரிசையில் போய் ஒரு பால்குடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, பயந்துட்டியா?" என்று எவனோ சிரித்தான்.

"ஆமாண்டா, பயமாத்தான் கீது. இன்னா இப்போ? முருகன் கோச்சிக்கினா டாக்டர் நம்பர் குடுத்துடறேன், அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும். சலோ, நட!"

அதற்குப் பிறகு அலகு குத்த வருகிற யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. "வாயத் தொற, பல்லக் காட்டு" என்று மாடு வாங்குகிறவர் போலப் பார்ப்பார். காய்ச்சல் என்றால் துரத்திவிடுவார். திட்டிக்கொண்டே நம்மில் எத்தனை பேர் பல் டாக்டரிடம் போனோம்!

அவர் போன அன்று வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னிக்கு ரோசம் பாத்திருந்தா அப்பவே போயிருப்பாரு தம்பி. பயந்துதான் பேத்தி கல்யாணம் வரைக்கும் எங்கூட இருந்தாரு."

எனக்கு இப்போது சர்க்கரை. புண் சீக்கிரம் ஆறுவதில்லை, அலகு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் முன்னால் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். வருகிற ஆடிக் கிருத்திகைக்கு என்னைப் பால்குட வரிசையில் பாருங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்வேன். அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான்.